பெருவிரலிலிருந்து பத்து விரல்களுக்கு: ட்ரான்ஸ்வால் பதிவுச் சட்டமும் ஹமீதியா பள்ளிவாசல் நெருப்பும்

1908 ஓகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பர்க் நகரில் ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. நடுவே மூன்று கால் வைத்த பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று. அதற்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் குவிக்கப்பட்டன. மண்ணெண்ணெய் ஊற்றி, கூட்டத்தின் தலைவர் ஈஸொப் மியா நெருப்பு வைத்தார். எரிந்தவை வெறும் கடதாசிகள் அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் விரலடையாளம் பதிந்திருந்தது.

காந்தியின் தென்னாபிரிக்கப் போராட்டம் என்று இந்த நிகழ்ச்சியை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் அந்தப் போராட்டம் தொடங்கியதே விரல் ரேகையைப் பற்றிய ஒரு சட்டத்தினால்தான் என்பதும், அதன் முதல் சத்தியத்தை எடுத்தவர் ஒரு முஸ்லிம் வணிகர் என்பதும், அது ஒரு பள்ளிவாசல் முன்றலில் நெருப்பாக மூண்டது என்பதும் நம்மவர் பலருக்குத் தெரியாத விடயங்கள். முகம், விரல், கண் மூன்றையும் பதிவு செய்யும் புதிய அடையாள முறையைப் பற்றி நமது நாட்டில் பேச்சு நடக்கும் இந்தக் காலத்தில், அந்தக் கதையை முழுமையாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது எனக் கருதுகிறேன்.

வங்காளத்தில் தொடங்கிய கதை

விரல் ரேகையை அரசாங்கக் கருவியாக்கும் பழக்கம் ஐரோப்பாவில் தொடங்கியதல்ல. அது காலனித்துவ வங்காளத்தில் தொடங்கியது. 1858இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், வீதி வேலைக்குப் பொருள் வழங்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பதியச் செய்தார். கையெழுத்து என்னுடையதல்ல என்று பின்னர் மறுக்கக் கூடாது என்பதே நோக்கம். 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர், உறுதி எழுதுவோர், சிறைக்கைதிகள் ஆகியோரிடம் விரலடையாளம் வாங்கும் வழக்கத்தை அவர் கொண்டு வந்தார். இறந்துபோன ஒருவரின் பென்ஷனை வேறொருவர் வந்து வாங்கிவிடக் கூடாது என்பது அன்றைய கவலை. இன்று நிவாரணக் கொடுப்பனவுக்கு விரல் வைக்கச் சொல்பவர்கள் கூறும் காரணமும் இதுவே. ஏறக்குறைய 150 வருடங்களாக அந்தக் காரணம் மாறவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஆயிரக்கணக்கான தாள்கள் சேர்ந்துவிட்டால் அவற்றில் ஒருவனுடைய ரேகையை எப்படித் தேடி எடுப்பது? இதைத் தீர்த்தது வங்காளப் பொலிஸில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை செய்த இரண்டு இந்தியர்களின் மூளை. ஒருவர் குல்னா மாவட்டத்தைச் சேர்ந்த காஸி அஸீஸுல் ஹக். கணிதம் படித்தவர். மற்றவர் ஹேமச்சந்திர போஸ். பத்து விரல்களின் வடிவங்களையும் கணக்கிட்டு, 32 வரிசைகளும் 32 நிரல்களுமாக 1,024 அறைகளில் தாள்களைப் பிரித்து வைக்கும் முறை அப்படித்தான் உருவானது. 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் செயற்படத் தொடங்கியது. 1901இல் லண்டன் ஸ்கொட்லாண்ட் யார்டும் அதே முறையைப் பின்பற்றியது. உலகம் அதை 'ஹென்றி முறை' என்றே அழைத்தது.

அஸீஸுல் ஹக்குக்குக் கிடைத்தது கான் பகதூர் பட்டமும் ஐயாயிரம் ரூபா வெகுமதியும்தான். அவருடைய பங்கை ஹென்றி ஒப்புக்கொண்டது பல வருடங்கள் கழித்து. பின்னர் பிரித்தானியாவின் விரலடையாள நிபுணர்கள் சங்கம் ஹக், போஸ் இருவரின் பெயராலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது. நம்மவர் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பெருமையோடு சேர்த்து ஒன்றையும் பார்க்க வேண்டும். அந்த முறை வங்காளத்திலிருந்து புறப்பட்டு அடுத்து எங்கே போனது?

ட்ரான்ஸ்வாலும் 'ஆசியரும்'

1900ஆம் ஆண்டு, போவர் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஜொஹன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் சிவில் பொலிஸை அமைப்பதற்காகப் பிரித்தானிய அரசு எட்வர்ட் ஹென்றியையே தென்னாபிரிக்காவுக்கு அனுப்பியது. அவரோடு விரலடையாள முறையும் கப்பலேறியது.

அங்கே அதற்கு ஏற்ற நிலம் ஏற்கனவே பண்படுத்தப்பட்டிருந்தது. போவர் குடியரசு 1885இல் இயற்றிய 3ஆம் இலக்கச் சட்டம் கூலிகள், அராபியர், மலாயர், துருக்கி ஆட்சிக்குட்பட்ட முஹம்மதியர் என்று பெயர் சொல்லியே சிலரை வேறுபடுத்தியது. வணிகத்துக்காகக் குடியேறும் ஆசியர்கள் தம்மைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 25 பவுண். பின்னர் அது 3 பவுணாகக் குறைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து போன குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் அங்கே 'அராபியர்' என்றே அழைக்கப்பட்டனர். மலாயர் என்ற சொல்லைக் கண்டதும் நமக்கு ஒரு நினைவு வர வேண்டும். ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் நாடு கடத்தியோரில் ஒரு பகுதியினர் இலங்கைக்கும் மறுபகுதியினர் நன்னம்பிக்கை முனைக்கும் வந்து சேர்ந்தனர். மக்கஸ்ஸார் ஷெய்க் யூசுப் அவர்கள் 1684இல் முதலில் இலங்கைக்கும், 1694இல் இங்கிருந்து கேப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். ஆகவே அந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட 'மலாயர்' நமது மலாய்ச் சகோதரர்களுக்கு உறவுமுறையானவர்களே.

யுத்தம் முடிந்து ட்ரான்ஸ்வால் பிரித்தானியர் கைக்கு வந்தது. பிரித்தானியப் பிரஜைகளான தமக்கு இனி விடிவு என்று இந்தியர்கள் நம்பினார்கள். 1903இல் ஆளுநர் மில்னர் பிரபு புதிதாகப் பதிந்துகொள்ளும்படி கேட்டார். ஒருமுறை பதிந்துவிட்டால் உங்கள் நிலை உறுதியாகிவிடும், மீண்டும் பதியத் தேவையில்லை என்ற கருத்துப்பட வாக்குறுதியும் கொடுத்தார். சட்டக் கட்டாயம் இல்லாதிருந்தும் மக்கள் அந்த வாக்கை நம்பிப் போய்ப் பதிந்தார்கள். அனுமதிப்பத்திரத்தில் பெருவிரல் அடையாளமும் வைத்தார்கள்.

இக்கட்டுரையின் அச்சாணி இந்த இடம்தான். 1903இல் கேட்டது ஒரு பெருவிரல். 1904 முதல் தங்கச் சுரங்கங்களுக்குக் கொண்டுவரப்பட்ட 60,000க்கு மேற்பட்ட சீனத் தொழிலாளரிடம் பத்து விரல்களும் வாங்கப்பட்டன. அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் சிலரே. 1906 ஓகஸ்ட் 22ஆம் திகதி வெளியான வர்த்தமானியில் எல்லா ஆசியர்களுக்கும் அதே விதி வந்தது. மூன்றே வருடத்தில் மில்னரின் வாக்கு காற்றோடு போயிற்று.

எம்பயர் தியேட்டரில் ஹாஜி ஹபீபின் சத்தியம்

வரைவுச் சட்டத்தில் இருந்தவை இவை. ட்ரான்ஸ்வாலில் வாழும் உரிமையுள்ள ஒவ்வோர் இந்திய ஆணும் பெண்ணும், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் ஆசியர் பதிவாளரிடம் பதிய வேண்டும். உடம்பிலுள்ள அடையாளங்கள் குறிக்கப்படும், எல்லா விரல்களின் ரேகைகளும் எடுக்கப்படும். சான்றிதழை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். எந்தப் பொலிஸ்காரனும் எங்கே வைத்தும் கேட்கலாம், வீட்டுக்குள் புகுந்தும் கேட்கலாம். தவறினால் தண்டம், சிறை, நாடுகடத்தல்.

வீட்டுப் பெண்களின் விரலைப் பிடித்து அந்நிய ஆண் மையில் தோய்ப்பதா, அட்டை பார்க்கவென்று பொலிஸ் வீட்டுக்குள் வருவதா என்ற கொதிப்பு எழுந்தது. 'அந்தரங்க உரிமை' என்ற இன்றைய சொல் அவர்களிடம் இருக்கவில்லை. மானம், வாசற்படி, பர்தா என்ற சொற்கள் இருந்தன. சொல்ல வந்த விடயம் ஒன்றுதான்.

1906 செப்டெம்பர் 11ஆம் திகதி ஜொஹன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடினர். பிரித்தானிய இந்தியர் சங்கத் தலைவர் அப்துல் கனி தலைமை வகித்தார். சட்டத்துக்குப் பணியாமல் சிறை செல்வோம் என்ற தீர்மானத்தை ஆதரித்துப் பேசிய முதிய வணிகர் ஹாஜி ஹபீப், கைதூக்கி நிறைவேற்றினால் போதாது, அல்லாஹ்வை முன்னிறுத்திச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். தானும் அவ்வாறே சத்தியம் செய்தார். இதை எதிர்பாராத காந்தி ஒரு கணம் திகைத்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். தீர்மானத்தை நாளை மாற்றலாம், இறைவன் பெயரால் செய்த சத்தியத்தை மாற்ற முடியாது என்பதை எழுந்து விளக்கினார். விளங்கிக்கொண்டே எல்லோரும் எழுந்து நின்று சத்தியம் செய்தார்கள். பின்னர் 'சத்தியாக்கிரகம்' எனப் பெயர்பெற்ற போராட்டத்தின் முதல் அடி அது.

பெண்களைப் பற்றிய விதி எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. காந்தியும், ஹமீதியா இஸ்லாமிய சங்கத்தை நிறுவிய ஹாஜி உஜீர் அலியும் தூது சென்று லண்டனில் முறையிட்டனர். பிரித்தானிய அரசு ஒப்புதலை நிறுத்தி வைத்தது. ஆனால் ட்ரான்ஸ்வாலுக்குச் சுயாட்சி கிடைத்ததும், புதிய பாராளுமன்றம் 1907 மார்ச் 21ஆம் திகதி ஒரே நாளில் அதே சட்டத்தை 2ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றிவிட்டது.

1907 ஜூலை 31ஆம் திகதி பிரிட்டோரியா பள்ளிவாசல் வளவில் நடந்த கூட்டத்தில் அஹமத் முஹம்மத் கச்சாலியா என்ற வணிகர் பேசினார். அதற்கு முன் மேடைகளில் அதிகம் பேசாதவர். தூக்கிலிட்டாலும் இந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டேன் என்று இறைவன் மீது ஆணையிட்டார். வார்த்தையோடு நிற்கவில்லை. பின்னர் ஐரோப்பியக் கடன்காரர்கள், போராட்டத்தை விடு அல்லது கடனை உடனே கட்டு என்று நெருக்கியபோது, சொத்து கடனை விட அதிகம் இருந்தும் வங்குரோத்தாகப் போவதற்குச் சம்மதித்தார். கடன்காரர் அனைவருக்கும் முழுப்பணமும் போய்ச் சேர்ந்தது. கடை மட்டும் போயிற்று. வியாபாரச் சமூகம் என்று பெயரெடுத்த நமக்கு அந்த இழப்பின் கனம் விளங்கும்.

பதிவுக்கான தவணையை நவம்பர் 30 வரை நீடித்தும் பதிந்தவர் ஏறத்தாழ 500 பேர்தான். ட்ரான்ஸ்வாலில் இருந்த இந்தியர் ஏறக்குறைய 13,000.

மீர் ஆலமின் கேள்வி

1908 ஜனவரியில் காந்தி, தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடு, சீனர் சங்கத் தலைவர் லியுங் க்வின் ஆகியோர் சிறையிலிருந்தனர். அந்தச் சிறையிலிருந்தே மூவரும் கையெழுத்திட்டு ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு சமரசக் கடிதம் போனது. மக்கள் தாமாக விரும்பிப் பதிவார்கள், அரசு கட்டாயச் சட்டத்தை நீக்கிவிடும் என்பதே காந்தி புரிந்துகொண்ட உடன்பாடு. விடுதலையான இரவே அவர் ஜொஹன்னஸ்பர்க் பள்ளிவாசல் வளவில் மக்களைக் கூட்டி இதை விளக்கினார்.

அங்கே ஒரு பட்டாணியர் எழுந்தார். பத்து விரல் ரேகை குற்றவாளிகளிடம் மட்டுமே எடுப்பது என்று சொன்னவர் நீங்கள்தானே, இப்போது நீங்களே வைக்கச் சொல்கிறீர்களே, இது எப்படி? கேள்வி நியாயமானது. ஹென்றி எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் அந்த வாதத்தைத் தாம் முன்வைத்ததாகக் காந்தியே பதிவு செய்திருக்கிறார். அவருடைய பதில் இது: கட்டாயப்படுத்தி வாங்கும்போது அவமானம், விரும்பிக் கொடுக்கும்போது கண்ணியம். செயல் ஒன்றாக இருந்தாலும் சூழ்நிலை அதன் பொருளை மாற்றிவிடுகின்றது.

பட்டாணியர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. பெப்ரவரி 10ஆம் திகதி பதிவு அலுவலகத்துக்கு நடந்து போன காந்தியை மீர் ஆலம் என்ற பட்டாணியர் வழிமறித்துத் தடியால் அடித்து வீழ்த்தினார். தடுக்க வந்த தம்பி நாயுடுவுக்கும் அடி. காந்தி பாதிரியார் டோக்கின் வீட்டில் படுத்தபடியே பதிவாளரை வரவழைத்து விரல் ரேகையைக் கொடுத்தார். வாக்குக் கொடுத்துவிட்டேன், நானே முதலில் பதிய வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

தடியைத் தூக்கியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கேள்வியைத் தடியோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. விருப்பத்தோடு கொடுத்த ரேகையும் கட்டாயத்தில் வாங்கிய ரேகையும் பதிவாளரின் அலுமாரிக்குள் போனபின் ஒரே தாள்தான். அங்கே யாருடைய விருப்பமும் எழுதி வைக்கப்படுவதில்லை. அது என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது கொடுத்தவனின் மனநிலை அல்ல, வைத்திருப்பவனின் அதிகாரம். சில மாதங்களுக்குள்ளேயே இது தெளிவாயிற்று. கட்டாயச் சட்டத்தை நீக்குவதாகத் தான் வாக்களிக்கவே இல்லை என்று ஸ்மட்ஸ் கூறிவிட்டார். மக்கள் விரும்பிச் செய்த பதிவையும் புதிய சட்டமொன்றின் கீழ் கொண்டுவந்தார்கள். ரேகைகள் திரும்பி வரவில்லை.

கொப்பரையில் எரிந்தவை

அதன் விளைவுதான் ஹமீதியா முன்றலில் எரிந்த நெருப்பு. அந்தக் கூட்டத்துக்கு மீர் ஆலமும் வந்திருந்தார். காந்தியை அடித்தது பிழை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, தன்னிடமிருந்த பழைய சான்றிதழை எரிக்கக் கொடுத்தார். காந்தி அவருடைய கையைப் பற்றிக்கொண்டார். அந்தப் பள்ளிவாசலின் இமாம் அப்துல் காதிர் பாவஸீர் பின்னர் சிறைக்கும் சென்றார். செல்வந்தர்களான வணிகர்கள் பலர் படிப்படியாக ஒதுங்கிய பின்னரும் சிறைகளை நிரப்பியவர்களில் தமிழர்களே கணிசமானவர்கள். குஜராத்தி முஸ்லிம், தமிழ் இந்து, பார்ஸி, சீனர் என்று பலரும் ஒரே வரிசையில் நின்ற அபூர்வமான காலம் அது. இன்று அந்தப் பள்ளிவாசல் அருகே ஒரு கொப்பரையே நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கின்றது.

ஆயினும் அந்தப் போராட்டத்தின் குறையையும் வரலாற்று மாணவன் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் குற்றவாளிகள் அல்ல, எங்களை ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதே அவர்களது பிரதான வாதம். அந்த மண்ணின் கறுப்பின மக்கள் ஏற்கனவே பாஸ் அட்டைகளைச் சுமந்து திரிந்தார்கள். எங்களை ஏன் என்று கேட்டார்களே தவிர, எவரையும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதன் விலை பின்னால் வந்தது.

1950இல் மக்கட் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதனையும் இனவாரியாகப் பதிந்தது. 1952இல் பாஸ் ஒழிப்பு என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு சட்டம் வந்தது. பெயர்தான் ஒழிப்பு. உண்மையில் எல்லாக் கறுப்பினத்தவருக்கும் புகைப்படமும் விரலடையாளத் தொடர்பும் உள்ள ஒரே புத்தகத்தைக் கட்டாயமாக்கியது. அதே 1952இல் நடந்த சட்டமறுப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்கள் யூசுப் கச்சாலியா, மௌலவி இஸ்மாயில் கச்சாலியா. கடையை இழந்த அஹமத் முஹம்மத் கச்சாலியாவின் பிள்ளைகள். இம்முறை அவர்கள் ஆபிரிக்க மக்களோடு சேர்ந்து நின்றார்கள். 1956 ஓகஸ்ட் 9ஆம் திகதி பாஸ் சட்டத்துக்கு எதிராக ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போனபோது முன்னின்ற நால்வரில் ரஹீமா மூஸாவும் ஒருவர். 1960 மார்ச் 21ஆம் திகதி ஷார்ப்வில்லில் பாஸ் எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின் மீது பொலிஸ் சுட்டதில் 69 பேர் கொல்லப்பட்டார்கள். பாஸ் சட்டங்கள் நீங்கியது 1986இல்தான். தந்தையர் தமக்காக மட்டும் கேட்ட கேள்வியைப் பிள்ளைகள் எல்லோருக்குமாகக் கேட்டார்கள். அதற்கிடையில் அரை நூற்றாண்டு போய்விட்டது.

நமது அட்டை

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகின்றது. அதில் விரல் ரேகை இருக்கவில்லை. படமும் பெயரும் பிறந்த இடமும் இலக்கமும் போன்ற விபரங்களே இருந்தன. ஆனால் யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒருவன் யார் என்று முடிவுகட்ட பெயரும் பிறந்த இடமுமே போதுமாக இருந்தன. அட்டை கையில் இல்லாவிட்டால் பஸ்ஸிலிருந்து இறக்கப்படுவோம். அட்டை இருந்து, அதில் பிறந்த இடம் வடக்கு என்றோ கிழக்கு என்றோ இருந்தால் ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். 2008 செப்டெம்பரில் வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருந்தவர்கள் தனியாகப் பதியும்படி கட்டளை வந்தது. பதிவு என்பது எல்லோருக்கும் ஒரே எடையுள்ள சொல்லல்ல என்று அன்று கண்டோம். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டபோது, காரணம் 'அடையாளம் காணல்' என்றே சொல்லப்பட்டது. அந்த நாட்களில் நமது தாய்மாரும் சகோதரிகளும் கடைத்தெருவில் பட்ட பாட்டை நான் விவரிக்கத் தேவையில்லை.

2016ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உடலடையாளத் தரவுகளைச் சேகரிக்க வழி செய்தது. 2017 ஒக்டோபரில் இலத்திரனியல் அட்டை அறிமுகமாயிற்று. 2022 மார்ச்சில் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்திய நன்கொடை பெறும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முகம், விரல், கண்மணி மூன்றும் பதியப்படுவது அதன் நோக்கம். அதே மாதம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் அது முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. தரவைச் சேர்க்கும் ஏற்பாடும் அதைக் காக்கும் சட்டமும் சமமான வேகத்தில் நடக்கவில்லை. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவும் இல்லை.

அட்டையே வேண்டாம் என்பதல்ல எனது வாதம். 1990இல் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டவர்களிடம் கேளுங்கள், ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியைச் சொல்வார்கள். காணி, வாக்கு, பாடசாலை அனுமதி எல்லாம் ஒரு தாளில் தொங்கும். பாடசாலையில் மாணவர்களின் அடையாள அட்டை விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை ஆசிரியர்களாகிய எங்களுடையது. அட்டை வரும்வரை சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை படும் பதற்றத்தை நானறிவேன். விரல் பதிவைப் பற்றிப் பேச்சு வந்தால் வீட்டார் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நாங்க களவெடுத்தமா, கொல செஞ்சமா? விரல வெச்சா என்ன வந்துரப் போவுது?" ட்ரான்ஸ்வாலில் கேட்டதும் இதே வாதத்தின் மறுபக்கம். நாங்கள் குற்றவாளிகள் அல்ல, ஆகவே தரமாட்டோம் என்றார்கள் அவர்கள். நாங்கள் குற்றவாளிகள் அல்ல, ஆகவே தந்தால் என்ன என்கிறோம் நாங்கள். இரண்டுமே கொடுப்பவனின் மானத்தைப் பற்றிய பேச்சு. வைத்திருப்பவனின் பொறுப்பைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

எல்லோரிடமும் வாங்கும்போது மானப் பிரச்சினை இல்லாமல் போகலாம். மற்றப் பிரச்சினைகள் அப்படியே நிற்கின்றன. மில்னர் வாக்குக் கொடுத்தார், அடுத்து வந்தவர்கள் அதை மதிக்கவில்லை. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், அட்டை தொலைந்தால் வேறு எடுக்கலாம். விரலை மாற்ற முடியாது. ரேகை சாகும்வரை மாறாது. அதைக் காக்கும் சட்டமும் அலுமாரிச் சாவியும் ஒவ்வொரு தேர்தலோடும் கைமாறும்.

மற்ற நாடுகள் கேட்ட கேள்விகள்

இந்தியாவில் ஆதார் இலக்கம் 2010இல் வழங்கத் தொடங்கப்பட்டது. 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி வழக்குத் தொடுத்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று 2015இல் இந்திய அரசு தரப்பு வாதிட்டது. 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக அது அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டெம்பர் 26ஆம் திகதி ஐவரில் நால்வர் ஆதாரைச் செல்லுபடியாக்கினார்கள். ஆனால் தனியார் கம்பனிகள் அதைக் கேட்க வழிவிட்ட 57ஆம் பிரிவைத் தள்ளினார்கள். நீதிபதி சந்திரசூட் மாத்திரம் முழுத்திட்டமுமே அரசியலமைப்புக்கு முரண் என்றார். பங்கீட்டுக் கடையில் இயந்திரம் விரலை ஏற்காமல் அரிசியின்றித் திரும்பிய ஏழைகளின் நிலையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சீமெந்து குழைக்கும் கைக்கும் வலை இழுக்கும் கைக்கும் ரேகை தேய்ந்துவிடும். நமது ஊர்களில் அப்படிப்பட்ட கைகள் குறைவா?

கென்யாவில் 2019இல் ஹுதுமா நம்பா என்ற திட்டம் வந்தது. அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் நூபியர் உரிமை அமைப்பும் ஒன்று. நூபியர்கள், சூடானிலிருந்து பிரித்தானியர் கொண்டுவந்து குடியேற்றிய படைவீரர்களின் வழிவந்த முஸ்லிம் சிறுபான்மையினர். அடையாள அட்டை பெறுவதற்கே அவர்கள் விசேட விசாரணைக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 30ஆம் திகதி மேல் நீதிமன்றம், மரபணுவும் இருப்பிடத் தரவும் சேகரிப்பதைத் தள்ளியது. ஏனையவற்றைத் தொடர வேண்டுமானால் முதலில் முழுமையான சட்ட ஏற்பாடுகள் வர வேண்டும் என்றது. அந்த முஸ்லிம் சிறுபான்மை தனக்கு மட்டும் விலக்குக் கேட்கவில்லை. முழு நாட்டுக்கும் ஒரு வேலியைக் கேட்டது. 1908இல் ஜொஹன்னஸ்பர்க்கில் விடுபட்ட பாடம் நைரோபியில் கற்கப்பட்டிருக்கின்றது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

நாமும் கேட்க வேண்டியவை இவைதான். எந்தத் தேவைக்கு வாங்குகிறீர்கள், வேறு தேவைக்குப் பயன்படுத்த யாருடைய அனுமதி வேண்டும்? பொலிஸோ பாதுகாப்புத் தரப்போ பார்க்க வேண்டுமானால் நீதிமன்றக் கட்டளை தேவையா? யார் எப்போது எனது பதிவைப் பார்த்தார்கள் என்று நான் அறிய முடியுமா? விரலை இயந்திரம் ஏற்காவிட்டால் கொடுப்பனவுக்கு மாற்று வழி என்ன? எமது பெண்களின் படமும் ரேகையும் எடுக்கப் பெண் உத்தியோகத்தர் இருப்பாரா? இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. தமிழருக்கும் சிங்களவருக்கும் அவை பொதுவானவை. ஆகவே அவர்களோடு சேர்ந்தே கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையிலிருக்கின்றது. பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஆசிரியர் சங்கங்களும் ஒரு விண்ணப்பம் எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஹமீதியா முன்றலில் எரிந்தவை சான்றிதழ்கள் மட்டுமே. பதிவாளரின் அலுமாரியிலிருந்த ரேகைகள் எரியவில்லை. கொடுத்த பின் எரிப்பதற்கு நம்மிடம் கடதாசிகூட இருக்கப்போவதில்லை, இனி எல்லாம் கணனிக்குள்தான். எனவே கேட்க வேண்டிய நேரம் விரல் வைப்பதற்கு முன்புதான்.